சிங்கு ஆற்றுக் கருந்திருக்கை: இசைவாக்கமும் வாழிடமும்



கரையோரப் பிரதேசங்களில் வாழும் உங்களுக்குத் திருக்கை புதிய உயிரினமன்று. மீன் சந்தையில் தட்டையான உடலும் நீண்ட வாலுமாக அது கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். திருக்கைவால் என்ற பெயரைக் கேட்டாலே அக்காலத்துப் பிள்ளைகள் நடுங்குவார்கள் என வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்லியும் கேட்டிருப்பீர்கள். நாம் அறிந்த இத்திருக்கைகள் கடலுக்குரியவை. ஆனால் கடலைக் காணாமலே ஆற்று நீரில் பிறந்து, ஆற்று நீரிலேயே வாழ்ந்து மடியும் திருக்கைகளும் உலகில் உள்ளன. தென் அமெரிக்காவின் ஆறுகள் அவற்றிற்குப் பெயர்பெற்றவை. அவற்றுள் ஒன்றே பிரேசில் நாட்டின் சிங்கு ஆற்றில் வாழும் கருந்திருக்கை ஆகும்.

விஞ்ஞான பாடத்தில் "இசைவாக்கம்" என்ற அலகையும், புவியியலில் "ஆறுகளும் மனித நடவடிக்கைகளும்" என்ற விடயத்தையும் நாம் வேறுவேறாகப் படிக்கின்றோம். இவ்விரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள இந்த ஓர் உயிரினம் போதுமானது. இக்கட்டுரையை வாசிக்கும்போது ஒரு கருத்தை மனத்திற் கொள்ளுங்கள். இசைவாக்கம் என்பது தனியே நின்று பயன்தரும் ஒன்றன்று. அது வாழிடத்தோடு சேர்ந்தே பயன்தரும். வாழிடம் மாறினால், நேற்றுவரை உயிரைக் காத்த இயல்பே இன்று அவ்வுயிருக்குப் பாதகமாகிவிடலாம்.

1. பெயரும் பாகுபாடும்

இத்திருக்கையின் விஞ்ஞானப் பெயர் பொட்டமோட்ரைகன் லியோபோல்டி என்பதாகும். இதில் முதற்சொல் சாதியையும் இரண்டாம் சொல் இனத்தையும் குறிக்கும். கிரேக்க மொழியில் "பொட்டமோஸ்" என்றால் ஆறு. "ட்ரைகன்" என்றால் கொட்டும் திருக்கை. எனவே சாதிப் பெயரே "ஆற்றுத் திருக்கை" என்று பொருள்படுகின்றது. பெல்ஜிய நாட்டின் மன்னராயிருந்த மூன்றாம் லியோபோல்டின் பெயரால் இனப்பெயர் அமைந்தது. 1970ஆம் ஆண்டில் காஸ்டெக்ஸ், காஸ்டெல்லோ ஆகிய ஆய்வாளர்கள் இவ்வினத்தை முதன்முதலில் விவரித்துப் பெயரிட்டனர்.

திருக்கை ஒரு மீன் ஆகும். எனினும் பாரை, விளை, சூரை போன்ற என்பு மீன்களிலிருந்து அது வேறுபட்டது. அதன் வன்கூடு என்பினாலன்றிக் கசியிழையத்தினால் ஆனது. ஆகவே சுறாவும் திருக்கையும் கசியிழைய மீன்கள் என்ற ஒரே வகுப்பில் அடங்குகின்றன. சுறாவைத் தட்டையாக அழுத்திவிட்டதுபோன்ற உடலமைப்பைக் கொண்டதே திருக்கை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கருந்திருக்கையின் முதுகுப்புறம் கருமை நிறமானது. அதன்மீது வெண்மையான அல்லது மஞ்சள் கலந்த வெண்மையான வட்டப் புள்ளிகள் பரந்து காணப்படும். உடற்றட்டின் அகலம் 40 சென்ரிமீற்றருக்கு மேலும் வளரக்கூடியது. பெண் திருக்கை ஆணைவிடப் பெரியது.

2. வாழிடம்: சிங்கு ஆறு

சிங்கு ஆறு பிரேசிலின் மாற்றோ குறோசோ மாநிலத்தில் உற்பத்தியாகி, வடக்கு நோக்கிப் பாய்ந்து, பாரா மாநிலத்தில் அமேசன் ஆற்றுடன் கலக்கின்றது. இதன் நீளம் ஏறத்தாழ 1,980 கிலோமீற்றர் ஆகும். நமது மகாவலி கங்கையின் நீளம் 335 கிலோமீற்றர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அமேசன் வடிநிலத்து ஆறுகளை நீரின் நிறத்தைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிப்பர்.

அ) வெண்ணீர் ஆறுகள்: அந்தீசு மலைகளிலிருந்து பெருமளவு வண்டலைச் சுமந்து வருபவை. கலங்கிய நிறமுடையவை. அமேசன் பிரதான ஆறும் மதெய்ரா ஆறும் உதாரணங்களாகும்.

ஆ) கருநீர் ஆறுகள்: காட்டின் உக்கிய இலைகுழைகளிலிருந்து கரைந்த பொருள்களால் தேயிலைச் சாயம் போன்ற நிறம் பெற்றவை. நீக்ரோ ஆறு உதாரணமாகும்.

இ) தெளிநீர் ஆறுகள்: பழைமையான கடும்பாறை நிலத்தின் மீது பாய்வதனால் வண்டல் குறைந்தவை. சிங்கு, தப்பாஜோஸ் ஆகிய ஆறுகள் உதாரணங்களாகும்.

சிங்கு ஆறு ஓடும் நிலம் பிரேசிற் கேடயம் எனப்படும் மிகப் பழைய பாறைநிலமாகும். ஆதலால் ஆற்றின் அடித்தளத்தில் பாறைகளும், பாறை இடுக்குகளும், விரைந்தோடும் நீர்ப்பகுதிகளும் நிறைந்துள்ளன. நீர் தெளிவாயிருப்பதனால் சூரிய ஒளி அடிவரை செல்கின்றது. ஒளி செல்வதனால் பாறைகளின்மேல் பாசி வளர்கின்றது. பாசியை உண்டு நத்தைகள் பெருகுகின்றன. இந்த ஒழுங்கை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இது தேவைப்படும்.

இவ்வாற்றின் மற்றொரு முக்கிய இயல்பு பருவகால ஏற்றத்தாழ்வு ஆகும். மழைக்காலத்தில் ஆறு பெருகிக் கரையோரக் காடுகளுக்குள் புகும். வறட்சிக்காலத்தில் நீர் வற்றிப் பாறைகள் வெளித்தெரியும். ஆற்றில் வாழும் உயிர்களின் உணவும் இனப்பெருக்கமும் இந்த ஏற்ற இறக்கத்தையே சார்ந்துள்ளன.

கருந்திருக்கை சிங்கு ஆற்றுத் தொகுதிக்கு மட்டுமே உரிய இனமாகும். பிரதான ஆற்றிலும் இரிரி போன்ற அதன் கிளையாறுகளிலும் அது வாழ்கின்றது. உலகின் வேறெந்த ஆற்றுத் தொகுதியிலும் அது இயற்கையாகக் காணப்படுவதில்லை. அதே ஆற்றில் வேறு ஆற்றுத் திருக்கை இனங்களும் உண்டு. அவற்றுட் சில மணற்பாங்கான இடங்களை விரும்ப, கருந்திருக்கையோ பாறைப்பாங்கான இடங்களையே பெரிதும் நாடுகின்றது.

3. உடலமைப்பிற் காணப்படும் இசைவாக்கங்கள்

(i) தட்டையான உடல்: ஆற்றின் அடித்தளத்தோடு ஒட்டிக் கிடப்பதற்கு உதவுகின்றது. விரைந்தோடும் நீர் உடலை எளிதில் இழுத்துச் செல்வதில்லை. மார்புச் செட்டைகள் அகன்று தலையோடு இணைந்து வட்டமான தட்டுப்போல் அமைந்துள்ளன. இத்தட்டின் விளிம்பை அலைபோல் அசைத்து அது நீந்துகின்றது.

(ii) கண்ணும் சுவாசத் துவாரமும் மேற்புறத்தில் அமைந்திருத்தல்: வாயும் ஐந்து சோடிப் பூப்பிளவுகளும் உடலின் கீழ்ப்புறத்தில் உள்ளன. அடித்தளத்திற் கிடக்கும்போது வாயால் நீரை உள்ளெடுத்தால் மண்ணும் சேர்ந்து புகும். ஆகவே கண்களுக்குப் பின்னாலுள்ள சுவாசத் துவாரங்களினூடாகத் தூய நீரை உள்ளெடுத்து, பூக்களுக்கு மேலாகச் செலுத்தி, கீழ்ப்புறத்தால் வெளியேற்றுகின்றது. பூக்கள் என்பது மீனின் சுவாச அங்கமான செவுள்களையே குறிக்கும்.

(iii) கருநிறமும் வெண்புள்ளிகளும்: இருண்ட பாறைகளின்மேல் சூரிய ஒளி திட்டுத்திட்டாக விழும்போது, புள்ளிகளையுடைய உடலின் எல்லையைப் பிரித்தறிவது கடினமாகின்றது. இது மறைந்திருத்தலுக்கு உதவும் நிறவமைப்பு எனக் கருதலாம்.

(iv) நச்சு முள்: வாலின் மேற்புறத்தில் அமைந்தது. தற்காப்புக்குரியது. இதனைத் தனியே விரிவாகப் பார்ப்போம்.

4. கடலைத் துறந்த உடல்

ஆற்றுத் திருக்கைகளின் மூதாதையர் கடலில் வாழ்ந்தவர்களே. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் கடல்நீர் தென் அமெரிக்காவின் உட்பகுதிகளுக்குள் புகுந்திருந்த காலத்தில் அவை உள்ளே வந்து, பின்னர் படிப்படியாக நன்னீருக்கு இசைவடைந்தன என ஆய்வாளர்கள் விளக்குகின்றனர்.

கடலிலிருந்து ஆற்றுக்கு மாறுவது எளிதன்று. ஏன்? பிரசாரணம் பற்றிப் படித்ததை நினைவுபடுத்துங்கள். செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடிய கரைசலை நோக்கி, தேர்ந்து புகவிடும் மென்சவ்வினூடாக நீர் செல்லும். கடல்நீர் உப்புச் செறிவு கூடியது. ஆகவே கடலில் வாழும் உயிரின் உடலிலிருந்து நீர் வெளியேறிவிடும் அபாயம் உண்டு. கடற் சுறாக்களும் கடற் திருக்கைகளும் இதற்கு ஒரு வழி கண்டுள்ளன. நாம் சிறுநீருடன் கழித்துவிடும் யூரியாவை அவை இரத்தத்தில் தேக்கி வைத்துக்கொள்கின்றன. இதனால் உடலின் செறிவு கடல்நீரின் செறிவுக்கு ஏறத்தாழச் சமமாகின்றது. நீர் வெளியேறுவது தடுக்கப்படுகின்றது.

ஆற்றிலோ நிலைமை தலைகீழானது. வெளிநீரின் செறிவு குறைவு. உடலின் செறிவு அதிகம். ஆகவே நீர் ஓயாது உடலுக்குள் புகும். இந்நிலையில் யூரியாவைத் தேக்கி வைத்தால் இன்னும் அதிக நீர் புகுமேயன்றி நன்மை இல்லை. தென் அமெரிக்க ஆற்றுத் திருக்கைகளின் இரத்தத்தில் யூரியா மிகக் குறைவாகவே உள்ளதென 1967ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. மிகையாகப் புகும் நீரை அவை செறிவு குறைந்த சிறுநீராகப் பெருமளவில் வெளியேற்றுகின்றன. கடற் திருக்கைகளில் மேலதிக உப்பை வெளியேற்றும் நேர்குடற் சுரப்பியும் இவற்றிற் சிறுத்துப் பயனற்றுப் போயுள்ளது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். காளைச் சுறா எனப்படும் சுறா இனம் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும். மீண்டும் கடலுக்குத் திரும்பும். அது யூரியாவைத் தேக்கும் ஆற்றலை இழக்கவில்லை. ஆற்றுத் திருக்கையோ அந்த ஆற்றலை இழந்துவிட்டது. உப்புச் செறிவைப் படிப்படியாகக் கூட்டினாலும் அதனால் மீண்டும் யூரியாவைத் தேக்க முடிவதில்லை. அதாவது, ஆற்றுக்கு இசைவடைந்ததன் விலையாக அது கடலுக்குத் திரும்பும் வழியை இழந்தது. சிங்கு ஆற்றில் துன்பம் நேர்ந்தால் கடல்வழியாக வேறோர் ஆற்றைத் தேடிச்செல்லக் கருந்திருக்கையால் இயலாது.

5. நச்சு முள் எவ்வாறு தொழிற்படுகின்றது?

திருக்கையின் முள் பல்லை ஒத்த கடினமான பொருளால் ஆனது. இருபுறமும் பின்னோக்கி வளைந்த அரம்போன்ற பற்கள் உள்ளன. ஆகவே முள் உட்செல்வதைவிட வெளிவரும்போதே தசையை அதிகம் கிழிக்கின்றது. முள் தேய்ந்தோ முறிந்தோ போனால் புதிய முள் வளரும். சிலவேளைகளில் பழைய முள்ளும் புதிய முள்ளும் ஒருங்கே காணப்படும்.

பாம்பின் நச்சுப் பல்லைப் போல இதில் நஞ்சைப் பீச்சும் குழாய் கிடையாது. முள்ளை மென்மையான தோலுறை மூடியுள்ளது. நஞ்சை உண்டாக்கும் கலங்கள் இத்தோலிலேயே உள்ளன. கடற் திருக்கைகளில் இக்கலங்கள் பெரும்பாலும் முள்ளின் கீழ்ப்புறத்துத் தவாளிப்புகளில் அடங்கியிருக்க, ஆற்றுத் திருக்கைகளில் அவை முள்ளின் மேற்பரப்பு முழுவதிலும் பரந்துள்ளன. முள் குத்தும்போது தோலுறை கிழிந்து, நஞ்சும் சீதமும் காயத்தினுள் சேர்கின்றன. இதனால் உடனடியாகக் கடும் வலியும் வீக்கமும் உண்டாகும். ஆற்றுத் திருக்கையின் நஞ்சு காயத்தைச் சுற்றியுள்ள இழையத்தை இறக்கச் செய்வதனால் புண் ஆறுவதற்கு வாரக்கணக்காகலாம்.

விடைத்தாள்களில் மாணவர்கள் அடிக்கடி விடும் பிழை ஒன்றை இங்கே சுட்டிக்காட்ட வேண்டும். "திருக்கை தன் நச்சு முள்ளால் இரையைக் கொல்கின்றது" என்று எழுதுகின்றனர். இது பிழையாகும். முள் தற்காப்புக்கு மட்டுமே உரியது. திருக்கை மனிதனைத் தேடி வந்து தாக்குவதுமில்லை. அடித்தளத்தில் மறைந்து கிடக்கும் அதன்மீது ஒருவர் தெரியாமல் மிதிக்கும்போது அது வாலை மேல்நோக்கி வீசுகின்றது. காயங்கள் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும் ஏற்படுவதற்குக் காரணம் இதுவே.

அமேசன் பிரதேச மக்கள் ஆழமற்ற நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் அடியோடு இழுத்து நடப்பர்; கையிலுள்ள தடியால் முன்னே தட்டிப் பார்ப்பர். அதிர்வை உணர்ந்த திருக்கை விலகிச் சென்றுவிடும்.

6. முதலுதவி: நினைவிற் கொள்க

இது பரீட்சைக்கு மட்டுமன்றி வாழ்க்கைக்கும் வேண்டிய விடயமாகும். நமது கடற் திருக்கை குத்தினாலும் முதலுதவி இதுவேயாகும்.

திருக்கை நஞ்சு புரதங்களால் ஆனது. வெப்பத்தினால் புரதம் இயல்பிழக்கும் என நீங்கள் படித்துள்ளீர்கள். ஆகவே காயப்பட்ட காலையோ கையையோ தாங்கக்கூடிய சூடுள்ள நீரில் 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வைப்பதால் வலி குறையும். நீரின் வெப்பநிலை 45 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது. காயப்பட்ட கால் சூட்டைச் சரியாக உணராதிருக்கலாம். ஆகவே காயமற்ற கையை முதலில் வைத்துச் சூட்டைப் பார்த்தல் வேண்டும். கொதிநீரைப் பயன்படுத்தித் தோலை வேகவைத்துவிடக் கூடாது.

காயத்தை வெட்டுதல், வாயால் உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவற்றைச் செய்யக்கூடாது. காயத்தினுள் முட்துண்டு தங்கியிருக்கக்கூடும், ஏற்புவலியும் தொற்றக்கூடும். ஆகவே வலி குறைந்தாலும் வைத்தியசாலைக்குச் செல்லுதல் அவசியம். மார்பு, வயிறு, கழுத்து ஆகிய இடங்களில் முள் குத்தி நின்றால் அதனைப் பிடுங்காமல் உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அவுஸ்திரேலியாவின் பிரபல வனவிலங்கு நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஸ்டீவ் ஏர்வின் கடற் திருக்கையின் முள் மார்பிற் குத்தியதால் இறந்தார். அவரது உயிரைப் பறித்தது நஞ்சைவிட மார்பில் ஏற்பட்ட ஆழமான காயமே எனலாம். காலிற் குத்துவதால் மரணம் ஏற்படுவது மிக அரிது.

7. உணவும் இனப்பெருக்கமும்

கருந்திருக்கையின் முக்கிய உணவு நன்னீர் நத்தைகளாகும். நண்டு போன்றவற்றையும் உண்ணும். வலிமையான தாடைகளால் ஓட்டை நொறுக்கி உண்கின்றது. உணவுச் சங்கிலியை இவ்வாறு எழுதலாம்:

பாறைப் பாசி → நத்தை → கருந்திருக்கை

இதில் திருக்கை இரண்டாம் நுகரியாகும்.

ஆற்றுத் திருக்கைகள் முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகின்றன. முலையூட்டிகளிலுள்ளதுபோன்ற சூல்வித்தகம் இவற்றில் இல்லை. எனினும் தாயின் கருப்பைச் சுவரிலிருந்து சுரக்கும் பால்போன்ற பாய்மத்தைக் குட்டிகள் உணவாகப் பெறுகின்றன. ஒரு முறையில் ஒரு சில குட்டிகளே பிறக்கும். ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும் என்பு மீனோடு இதனை ஒப்பிடுக. குறைந்த எண்ணிக்கையில் ஈனும் உயிரினம், தொகை குறைந்துவிட்டால் மீண்டும் பெருகுவதற்கு நீண்ட காலம் எடுக்கும்.

8. ஆறு திசைதிருப்பப்பட்டபோது

சிங்கு ஆற்றின் கீழ்ப்பகுதியில் அல்டமிரா என்ற நகரம் உள்ளது. அதற்கு அப்பால் ஆறு பெரிய வளைவொன்றை எடுத்து ஓடுகின்றது. இப்பகுதி "வொல்ற்றா கிராண்டே" எனப்படும். "பெருவளைவு" என்பது பொருள். இந்த வளைவில் ஆறு ஏறத்தாழ 90 மீற்றர் தாழ இறங்குகின்றது. பாறைகளும் விரைநீரும் நிறைந்த இப்பகுதி கருந்திருக்கைக்கு உகந்த வாழிடமாகும். உலகில் வேறெங்கும் இல்லாத வரிக்குதிரைப் பிளெக்கோ என்ற சிறிய கெளிற்றினமும் இவ்வளைவுப் பகுதிக்கே உரியது. யுருனா, அராரா ஆகிய பழங்குடி மக்கள் இப்பகுதியில் மீன்பிடித்து வாழ்கின்றனர்.

நீர் உயரத்திலிருந்து இறங்கும் இடத்தில் நீர்மின்சாரம் பெறலாம் என்பதை அறிவீர்கள். இவ்விடத்தில் அணை கட்டும் எண்ணம் 1970களிலேயே தோன்றியது. 1989ஆம் ஆண்டு பெப்ரவரியில் பழங்குடி மக்கள் அல்டமிரா நகரில் ஒன்றுகூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். அக்கூட்டத்தில் துயிரா என்ற கயாப்போ இனப் பெண் தன் கையிலிருந்த கத்தியின் தட்டையான பக்கத்தை மின்சார நிறுவன அதிகாரியின் கன்னத்தில் வைத்து எச்சரித்த படம் உலகெங்கும் வெளியாயிற்று. திட்டம் பல ஆண்டுகள் பின்தள்ளப்பட்டது. பின்னர் மாற்றியமைக்கப்பட்டு, பெலோ மொன்றே என்ற பெயரில் 2011ஆம் ஆண்டில் கட்டுமானம் தொடங்கியது. 2016ஆம் ஆண்டில் மின்னுற்பத்தி ஆரம்பமானது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் இறுதிச் சுழலியும் இயங்கத் தொடங்கியது.

இதன் மொத்தக் கொள்ளளவு 11,233 மெகாவாற்று ஆகும். இது உலகின் மிகப்பெரிய நீர்மின் நிலையங்களுள் ஒன்றாகும். கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டிற்கு மின்சாரம் தேவை என்பதையும், நிலக்கரி எரிக்காமற் பெறும் மின்சாரம் இது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் ஆறு பருவகாலத்துக்கு ஏற்பப் பெருகி வற்றுவதனால், சராசரியாக ஏறத்தாழ 4,500 மெகாவாற்று உற்பத்தியே எதிர்பார்க்கப்பட்டது. கிடைக்கும் நீரை மின்னிலையத்துக்கு விடுவதா, ஆற்றுக்கு விடுவதா என்ற போட்டி இதனாலேயே எழுகின்றது.

இத்திட்டம் செயற்படும் முறையைக் கவனியுங்கள். பிமெந்தல் என்ற இடத்தில் பிரதான ஆறு மறிக்கப்பட்டு, நீர் கால்வாய் வழியாக மின்னிலையத்துக்குத் திருப்பப்படுகின்றது. அந்நீர் பெருவளைவைக் கடந்து அதற்குக் கீழேதான் மீண்டும் ஆற்றை அடைகின்றது. இதனால் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் நீளமான பெருவளைவுப் பகுதிக்கு முன்னர் பாய்ந்த நீரில் ஒரு பகுதியே கிடைக்கின்றது. ஆற்றின் நீரில் 80 சதவீதம்வரை திசைதிருப்பப்படலாம்.

இனி, இரண்டாம் பகுதியில் நினைவில் வைக்கச் சொன்ன ஒழுங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தெளிந்த நீர், பாறை, பாசி, நத்தை, திருக்கை. அணைக்கு மேலே நீர் தேங்கி ஆழமாகின்றது. ஓட்டம் குறைவதால் நுண்மண் பாறையிற் படிகின்றது. ஒளி அடிவரை செல்வது குறைகின்றது. அணைக்குக் கீழே பாறைகள் வெளித்தெரிந்து காய்கின்றன. எஞ்சிய குட்டைகளில் நீர் சூடாகின்றது. சூடான நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் குறைவு. வெள்ளம் காட்டுக்குள் ஏறாதபோது, அங்கே சென்று பழங்களை உண்டு முட்டையிடும் மீன்களுக்கு உணவும் இடமும் இல்லாமற் போகின்றன. அம்மீன்களை நம்பிய மீனவரின் வலையும் வெறுமையாகின்றது. சங்கிலியின் முதற்கண்ணி அறுந்தால் இறுதிக்கண்ணி தப்புவது எவ்வாறு?

பெருவளைவுக்கு எவ்வளவு நீர் விடப்பட வேண்டும் என்பது குறித்து, மின்னுற்பத்தி நிறுவனத்துக்கும் பிரேசிலின் சுற்றாடல் அதிகாரசபைக்கும் ஆற்றங்கரை மக்களுக்குமிடையே அணை இயங்கத் தொடங்கியபின் தொடர்ந்து பிணக்கு நிலவியது.

9. எதிர்மாறான ஓர் உதாரணம்

அணை கட்டினால் எல்லாத் திருக்கைகளும் குறைந்துவிடும் என்று பொதுமைப்படுத்தி எழுதக்கூடாது. பரானா ஆற்றில் பிரேசில், பரகுவே நாடுகளின் எல்லையில் குவைரா என்ற பெரும் நீர்வீழ்ச்சி இருந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த வேறு ஆற்றுத் திருக்கை இனங்களால் அதனைத் தாண்டி மேலேற முடியவில்லை. 1982ஆம் ஆண்டில் இற்றைப்பு அணையின் நீர்த்தேக்கம் நிரம்பியபோது அந்நீர்வீழ்ச்சி மூழ்கிப்போயிற்று. இயற்கைத் தடை நீங்கியதும் திருக்கைகள் மேற்பரானாவில் பரவின. முன்னர் திருக்கையையே அறியாத மீனவரும் குளிப்போரும் அதன் குத்துக்கு ஆளாயினர்.

ஓரிடத்தில் அணை வாழிடத்தைக் குறைத்தது. மற்றோரிடத்தில் வாழிடத்தை விரித்தது. இரண்டிலும் பொதுவான உண்மை ஒன்றே. ஆற்றின் வடிவமே எந்த உயிர் எங்கே வாழும் என்பதைத் தீர்மானிக்கின்றது.

10. அழகே ஆபத்தாதல்

கருநிறத்தில் வெண்புள்ளி கொண்ட இத்திருக்கையை அலங்கார மீன் வளர்ப்போர் பெரிதும் விரும்புகின்றனர். ஆற்றிலிருந்து பிடித்துப் பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்டது. பிரேசில் அரசு ஏற்றுமதிக்கு எண்ணிக்கை வரையறை விதித்தபோதிலும் கள்ளக் கடத்தல் இடம்பெற்றது. ஆசிய நாடுகளில் தொட்டிகளிலும் இது இனப்பெருக்கம் செய்விக்கப்படுகின்றது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் பனாமாவில் நடைபெற்ற சைற்றீசு எனப்படும் சர்வதேச உயிரின வணிக உடன்படிக்கை மாநாட்டில், கருந்திருக்கை உட்பட ஏழு ஆற்றுத் திருக்கை இனங்களை இரண்டாம் பின்னிணைப்பிற் சேர்க்கத் தீர்மானிக்கப்பட்டது. இரண்டாம் பின்னிணைப்பு என்பது முழுத் தடையன்று. வணிகத்தால் இனத்துக்குப் பாதிப்பில்லை என உறுதிப்படுத்தி, அனுமதிப்பத்திரத்துடன் மட்டுமே ஏற்றுமதி செய்யலாம் என்பதே அதன் கருத்தாகும்.

தொகுப்பு

கருந்திருக்கையின் மூன்று இசைவாக்கங்களையும் அவற்றின் மறுபக்கத்தையும் ஒருங்கே நோக்குவோம்.

• நச்சு முள் இரைகௌவிகளிடமிருந்து காத்தது. ஆனால் அமேசன் பிரதேசத்தின் பல இடங்களில், குளிக்கும் மணற்கரைகளைப் பாதுகாப்பாக்கவென ஆற்றுத் திருக்கைகள் கொல்லப்படுவதற்கும் அந்த முள்ளே காரணமாயிற்று.

• புள்ளி நிறம் பாறையில் மறைத்தது. ஆனால் அலங்கார மீன் வணிகரின் கண்ணில் அதுவே படச்செய்தது.

• பாறையும் தெளிநீரும் கொண்ட ஒரே ஆற்றுக்கு இசைவடைந்தமை அங்கே அதனைச் செழிக்கச் செய்தது. ஆனால் அந்த ஆறு திசைதிருப்பப்பட்டபோது, போக வேறிடம் இல்லாமற் செய்தது.

நஞ்சினால் ஒரு பகைவனை விரட்டலாம். நீர் வற்றுவதை விரட்ட முடியாது. ஆகவே "உயிரினத்தைப் பாதுகாத்தல்" என்று வினா வந்தால் "வேட்டையாடுவதைத் தடுத்தல்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். வாழிடத்தைப் பாதுகாத்தலை முதலாவதாக எழுதுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. என்பு மீனுக்கும் கசியிழைய மீனுக்கும் இடையிலான வேறுபாடு ஒன்றை உதாரணத்துடன் தருக.
2. திருக்கையின் சுவாசத் துவாரம் உடலின் மேற்புறத்தில் அமைந்திருப்பதன் நன்மை யாது?
3. கடற் திருக்கை இரத்தத்தில் யூரியாவைத் தேக்குவதும் ஆற்றுத் திருக்கை அவ்வாறு செய்யாமையும் ஏன் என்பதைப் பிரசாரணத்தின் துணைகொண்டு விளக்குக.
4. திருக்கை குத்தியவருக்குச் சுடுநீர் முதலுதவி அளிக்கப்படுவதன் விஞ்ஞான அடிப்படை யாது? அதன்போது கவனிக்க வேண்டிய இரு விடயங்களைக் குறிப்பிடுக.
5. சிங்கு ஆற்றின் உணவுச் சங்கிலி ஒன்றை எழுதி, நீரோட்டம் குறைவதால் அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஏற்படக்கூடிய மாற்றத்தை விளக்குக.
6. "நீர்மின்சாரம் சூழலுக்குத் தீங்கற்றது." இக்கூற்றை நீர் ஏற்கின்றீரா? பெலோ மொன்றே, இற்றைப்பு ஆகிய அணைகளை உதாரணங்காட்டி இரு பக்கங்களையும் ஆராய்க.

விடைக் குறிப்பு: ஆறாம் வினாவுக்கு ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவோர் முழுப்புள்ளி பெறுவது கடினம். மின்சாரத்தின் தேவையை ஒரு பந்தியிலும், ஆற்றுக்கும் மக்களுக்கும் ஏற்பட்ட பாதிப்பை மறுபந்தியிலும் எழுதி, இறுதியில் உமது முடிவைக் காரணத்துடன் கூறுக. முடிவு எதுவாயினும் அதற்கு நீர் காட்டும் காரணத்துக்கே புள்ளி உண்டு.